தோல்சட்டிக்காரர்

அந்த மனிசனிடம் இன்றைக்கு மத்தியானம் என்ன கறி என்று கேட்டால் சொல்லத் தெரியாது. சாப்பிட்டுக் கை கழுவி, வாயைத் துடைத்துக்கொண்டு வரும்போதே கேட்டாலும் தெரியாது. "கறி... கறிதான்" என்பார். ஆனால் சாப்பாடு வந்த பெட்டியைப் பற்றிக் கேட்டுவிட்டீர்களோ, துலைந்தீர்கள். இரண்டு சுவர் வைத்து, நடுவில் உமி அடைத்து, மூடிக்கு மோட்டார் சைக்கிள் ரியூப்பில் வளையம் வெட்டிப் போட்டு அவரே செய்த பெட்டி. காலையில் போட்ட சோறு பின்னேரமும் ஆவி பறக்கும். மூடி பொருந்துகிற சத்தத்தைக் காதோடு வைத்துக் கேட்கச் சொல்லித் திறந்து திறந்து மூடுவார். ஒருநாள் அவருடைய மனைவி ஏதோ கோபத்தில் கறியே வைக்காமல் வெறும் சோற்றை அனுப்பிவிட்டார். மனிசன் அதையும் சாப்பிட்டுவிட்டு வந்து மூடியைப் பற்றித்தான் கதைத்தார்.

நான் எழுதப்போவது இந்த ஆளைப் பற்றி. பெயர் சொல்லமாட்டேன். சொன்னால் அதையும் ஒரு பாராட்டு என்று எடுத்துக்கொண்டு எழுந்து நின்று கும்பிடுவார். நாங்கள் அவரை 'எஞ்சினியர்' என்போம். அவர் இல்லாத இடத்தில் 'தோல்சட்டிக்காரர்'.

இரண்டு சண்டைகளுக்கு நடுவில் சமாதானம் என்று பெயர் வைத்த கொஞ்ச வருடங்கள் இருந்தனவே, அந்தக் காலம். திருகோணமலை முழுக்க உதவி நிறுவனங்களின் வெள்ளை வாகனங்கள் ஓடித் திரிந்தன. அப்படி வந்த நிறுவனம் ஒன்று உள்துறைமுகப் பக்கம் ஒரு பழைய பண்டசாலையைத் திருத்தி, தீக்காயப்பட்டவர்களுக்கு ஒரு நிலையம் நடத்தியது. ஆட்களுக்குக் குறைவில்லை. கரன்ட் இல்லாத வருடங்களில் ஊரே ஜாம் போத்தலில் மண்ணெண்ணெய் விட்டுத் திரி போட்டுத்தான் படித்தது, சமைத்தது, பிள்ளை பெற்றது. அந்தப் போத்தல் கவிழ்ந்து எரிந்தவர்கள்தான் பாதிப் பேர். உயிரியல் படித்துவிட்டுச் சும்மா இருந்த நான் ஆய்வுகூட உதவியாளராக அங்கே சேர்ந்தேன்.

எஞ்சினியர் எங்கள் ஊர் ஆள்தான். வெளிநாட்டில் படித்தவர். உடம்புக்கு வெளியே உடம்பை வளர்க்கிற பாத்திரங்களை வடிவமைக்கிற படிப்பு. சும்மா சொல்லக்கூடாது, நல்ல படிப்பு. எரியாத இடத்தில் ஒரு ரூபாய் நாணயக் குற்றி அளவு தோலை வெட்டி எடுத்து, அதைப் பிரித்து, மெல்லிய தட்டில் நாற்று விதைக்கிறமாதிரி விதைத்து, பாத்திரத்துக்குள் வைத்து மூடவேண்டும். உடம்புச் சூடு உள்ளே இருக்கவேண்டும். ஊட்டத் தண்ணீர் ஒரு சின்ன மின்சாரப் பம்மினால் தட்டின் மேல் மெதுமெதுவாக ஓடிக்கொண்டே இருக்கவேண்டும். அது நின்றால் தோலுக்குச் சாப்பாடும் இல்லை, மூச்சும் இல்லை. ஓடினால் சில கிழமையில் கைக்குட்டை அகலத்துக்குத் தோல் வரும். சொந்தத் தோல். டொக்டர் எடுத்து வைத்துத் தைக்கவேண்டியதுதான். இந்தப் பாத்திரத்துக்கு அவர் 'பயோரியாக்டர்' என்று வாய் நிறையச் சொல்லுவார். குசினியில் சமைக்க நின்ற அக்காவுக்கு அது வாயில் வரவில்லை. தோல்சட்டி என்றார். அதோடு அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

ஆளுக்குக் கெட்டித்தனம் இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். கடலுக்கடியால் யாரும் நீந்தி வராமல் இருக்கக் கடற்படைக்காரர் துறைமுகத்துக்குள் அடிக்கடி வெடி போடுவார்கள். சமாதான காலத்திலும் அந்தச் சத்தம் முழுதாய் நிற்கவில்லை. டும் என்று ஒன்று கேட்கும், பண்டசாலையின் யன்னல்கள் நடுங்கும், சுவரிலிருந்து பல்லி விழும். முதலில் வளர்த்துப் பார்த்த தோலெல்லாம் அந்த அதிர்ச்சியில் தட்டிலிருந்து கழன்று கிழிந்துபோயிற்று. எஞ்சினியர் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பழைய ரியூப்புகளை வாங்கிவரச் சொல்லி, பட்டி பட்டியாக வெட்டி, பாத்திரம் முழுவதையும் கூரை வளையிலிருந்து ஏணைமாதிரித் தொங்கவிட்டார். அதற்குப் பிறகு என்ன வெடி வெடித்தாலும் உள்ளே ஒரு சுருக்கம் விழவில்லை. நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். ஏணை கட்டத் தெரிந்தவனுக்கு அதில் பிள்ளை கிடக்கிறது என்பதும் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன். என் விசர்ப் புத்தி.

என் அப்பா செத்தபோது எஞ்சினியர் செத்தவீட்டுக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, தலை வாரி, மரியாதையாக. சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று குனிந்து குனிந்து பார்த்தார். பெட்டியின் விளிம்பை விரலால் தடவினார். என் மாமி ஒப்பாரியை நிறுத்திவிட்டு, "பார் பிள்ளை, அந்தப் பெரிய மனிசன் எப்பிடி உருகிறார்" என்றார். எனக்கும் நெஞ்சு இளகிவிட்டது. பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இஞ்சாரும், இந்த மூடிக்குப் பிணைச்சல் போட்டது ஆர்? ஒரு பக்கம் ஏறி நிக்குது. காத்துப் போகும்."

செத்தவீட்டில் கை நீட்டக்கூடாது என்று பொறுத்துக்கொண்டேன். எட்டுச் செலவுச் சடங்கு முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று, வாசலில் என்னைக் கண்டுவிட்டுக் கேட்கிறார்: "என்ன, லீவிலை நிண்டனீரே? வீட்டிலை அப்பா சுகமோ?"

அவரைக் கடந்து உள்ளே போனேன். சொன்னால் மட்டும் என்ன, அந்த மண்டைக்குள் மனிசர் நிற்க இடமில்லை.

மலர் வந்தது அதற்குப் பிறகு. கப்பல்துறைக் கிராமத்தில் இடம்பெயர்ந்து வந்திருந்தவர்களின் கொட்டில்களில் ஒன்று அவளுடைய வீடு. தையல் பழகிக்கொண்டிருந்த பெட்டை. விளக்குப் போத்தல் மேசையிலிருந்து மடியில் விழுந்து, சட்டை பிடித்து, வயிறு, நெஞ்சு, கழுத்து என்று ஏறி எரிந்திருக்கிறது. முகம் தப்பிவிட்டது. ஆனால் காயம் ஆற ஆறக் கழுத்துத் தோல் சுருங்கி, நாடியை நெஞ்சோடு இழுத்து வைத்துவிட்டது. தலையை நிமிர்த்த ஏலாது. கீழ் உதடு இழுபட்டிருந்ததால் தேத்தண்ணி குடித்தால் பாதி வழியும். கையில் எப்போதும் ஒரு துணித்துண்டு வைத்திருப்பாள்.

எங்களிடம் இடைக்கிடை வருகிற சத்திரசிகிச்சை டொக்டர் கண்டியிலிருந்து வருபவர். அவர் மலரைப் பார்த்துவிட்டு, "தழும்பு இன்னும் இளசாய் இருக்கு. இப்ப வெட்டி விட்டால் தலை நிமிரும். வெட்டின இடத்தை மூடத்தான் தோல் வேணும். இவவிட்டை எடுக்கக்கூடிய நல்ல தோல் காணாது" என்றார். அதனால் காதுக்குப் பின்னால் ஒரு சின்னத் துண்டு எடுத்து, அதைத் தோல்சட்டியில் வளர்ப்பது என்று முடிவானது. நவராத்திரி கழிந்த கிழமை டொக்டர் திரும்பி வருவார். அன்றைக்குத் தோல் தயாராக இருக்கவேண்டும்.

மலரைத் தாய் கூட்டிக்கொண்டு வந்த முதல் நாள் எஞ்சினியர் அளவுநாடாவுடன் வந்தார். கழுத்தை அளந்தார். எவ்வளவு அகலத் தட்டு வேண்டும் என்று முணுமுணுத்தார். பெட்டையின் முகத்தைப் பார்க்கவில்லை. தாய் பாவம், கதை கொடுக்க நினைத்து, "ஐயா, எங்கடை பக்கத்துக்கு நீங்கள்தானே தண்ணித் தொட்டி கட்டித் தந்தனீங்கள். அதுக்குக் கீழதான் எங்கடை கொட்டில்" என்றார்.

அப்போதுதான் அந்த ஆளுக்கு முகத்தில் வெளிச்சம் வந்தது. "ஓமோ! தொட்டி எப்பிடி?"

"தொட்டி நல்லம் ஐயா. கிணறு வத்திப்போச்சு, தண்ணிதான் இல்லை."

"தொட்டியிலை வெடிப்பு ஒண்டும் இல்லையே?"

"இல்லை ஐயா."

"அதுதானே பாத்தன்" என்று சொல்லிவிட்டு நாடாவைச் சுருட்டிக்கொண்டு போனார். தண்ணீர் பற்றி ஒரு கேள்வி கேட்கட்டும் பார்ப்போம்! அந்தத் தொட்டியைச் சனம் உடுப்புக் காயப்போடப் பாவித்தது.

மலர் குனிந்தபடியே என்னிடம் கேட்டாள்: "அக்கா, வலது காலை வெளியாலை திருப்பி வைச்சு, பெருவிரலை ஆட்டிக்கொண்டு நிண்டவரோ எஞ்சினியர்?"

"ஓம், அவர்தான்."

"எனக்கு ஆக்களைக் காலிலைதான் தெரியும்" என்று சிரித்தாள். "டொக்டருக்குச் சப்பாத்து ஒரு பக்கம் தேஞ்சிருக்கு. உங்கடை செருப்புக்கு வார் மாத்தவேணும்."

அன்றைக்கே எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. அழுதுகொண்டு வருகிறவர்களைத்தான் அங்கே கண்டிருக்கிறேன். இவள் தன்னையே பகிடி பண்ணிக்கொண்டு வந்தாள்.

கிழமைக்கு ஒருதரம் பஸ் ஏறி வந்துவிடுவாள், தன் தோலைப் பார்க்க. பாத்திரம் இரும்பு. பக்கவாட்டில் வட்டமாக ஒரு சின்னக் கண்ணாடி உண்டு, அதற்குள்ளால்தான் பார்க்கலாம். அந்தக் கண்ணாடி எஞ்சினியருடைய கண் உயரத்தில் இருந்தது. தலை நிமிராத பெட்டை எப்படிப் பார்க்கிறது? "சேர், இதைக் கொஞ்சம் கீழை பதிச்சுத் தொங்கவிடலாமோ? அந்தப் பிள்ளைக்குப் பார்க்க ஏலாமல் கிடக்கு" என்று கேட்டேன்.

"ஏலாது. பட்டியளின்ரை சமநிலை குழம்பும்" என்றார். "பிள்ளையைக் கொஞ்சம் நிமிந்து பாக்கச் சொல்லும்."

நிமிர்ந்து பார்க்கச் சொல்லட்டாம்! அதற்குத்தானடா அப்பா இவ்வளவு பாடும் என்று கத்தவேண்டும்போல் இருந்தது. வீட்டிலிருந்து முகம் பார்க்கிற கண்ணாடி ஒன்று கொண்டுபோய், கதிரையில் ஏறி நின்று, பாத்திரத்தின் கண்ணாடிக்கு முன்னால் சரித்துப் பிடித்தேன். இன்னொன்றைக் குசினி அக்கா கீழே பிடித்தார். அப்படித்தான் மலர் தன் தோலை முதல்முதல் கண்டாள். ரோசாப்பூச் சர்பத் நிறத் தண்ணீருக்குள், தட்டின் மேல், பனிபடிந்தமாதிரி ஒரு மெல்லிய வெள்ளை.

"என்ரை தோலோ அக்கா அது? வெள்ளையாய்க் கிடக்கு."

"உன்ரைதான்."

"அப்ப நிமிந்த உடனை வெள்ளைக்காரியாய்த்தான் நிமிரப்போறன் எண்டு சொல்லுங்கோ."

நிமிர்ந்தவுடன் என்ன செய்வாய் என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை. "அம்மாவின்ரை முகத்தைப் பாக்கவேணும். அவ நிண்டுகொண்டிருக்கேக்கை பாக்கவேணும். இப்ப அவ படுத்தால்தான் எனக்கு முகம் தெரியுது." தாய் மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தோல் நன்றாக வந்தது. அதையும் சொல்லத்தானே வேண்டும். நவராத்திரி தொடங்கும்போது தட்டு நிறைந்துவிட்டது. எனக்குக் கை காலெல்லாம் ஒரே சந்தோசம். எஞ்சினியர் அப்போது தோலைப் பார்க்கவில்லை. கொழும்பில் சொல்லிச் செய்வித்த புதுக் கண்ணாடி மூடி வந்திருந்தது. அதை எடுத்து வெளிச்சத்துக்குப் பிடித்துப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இரும்பு மூடியைக் கழற்றிவிட்டு அந்தக் கண்டறியாத மூடியைப் போட்டால், மேலே நின்று பார்க்கிற எல்லாருக்கும் பாத்திரத்தின் உள்வேலைப்பாடு தெரியுமாம். ஆயுத பூசைக்கு வெளிநாட்டிலிருந்து நிறுவனத்தின் பெரிய ஆட்கள் வருகிறார்கள், கமெராக்காரர் வருகிறார்கள் என்று ஒரே எடுப்பு.

எங்கள் உள்ளூர்க் குழுத் தலைவர் ஓய்வுபெற்ற தபாலதிபர். நல்ல மனிசன், பக்தி மட்டும் ஒரு பிடி கூட. ஒவ்வொரு வருடமும் ஆயுத பூசைக்கு நிலையத்தில் இருக்கிற கத்தரிக்கோல் முதல் வாகனம் வரைக்கும் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மண்டபத்தில் சாமிப் படத்துக்கு முன்னால் அடுக்குவார். பூசைக்கு வைத்த ஆயுதத்தை அடுத்தநாள் காலை வரைக்கும் தொடக்கூடாது, இயக்கக்கூடாது. வருடம் முழுக்க உழைத்த ஆயுதம், அன்று ஒரு நாள் ஆறவேண்டும். தச்சனுக்கு உளி, தையற்காரிக்கு மெசின், எல்லாருக்கும் அதுதான் வழக்கம். நானும் சின்ன வயதில் புத்தகத்தை வைத்துவிட்டு, படிக்கத் தேவையில்லை என்று துள்ளியவள்தான். அந்த வழக்கத்தில் பிழை ஒன்றும் இல்லை.

பூசையன்று பின்னேரம் தலைவர் ஆய்வுகூடத்து வாசலில் வந்து நின்றார். "எஞ்சினியர் ஐயா, எல்லாம் வந்திட்டுது. உங்கடை பாத்திரத்தை நடுவிலை வைப்பம். ஆனா ஓடுற மெசினை வைக்கேலாது பாருங்கோ. நிப்பாட்டித்தான் வைக்கவேணும்."

நான் குறுக்கே போனேன். "ஐயா, அதுக்குள்ள மலரின்ரை தோல் கிடக்கு. தண்ணி ஓடாட்டிச் செத்துப்போம். அதை விடுங்கோ."

தலைவர் உடனே எஞ்சினியரைத் திரும்பிப் பார்த்தார். "அப்பிடியே ஐயா? பழுதாகுமெண்டால் வேண்டாம். சாமி கோவிக்காது. நீங்கள் சொல்லுங்கோ."

ஒரு சொல். 'ஓம்' என்ற ஒரு சொல் சொல்லியிருந்தால் தலைவர் சந்தனக் கும்பாவோடு திரும்பிப் போயிருப்பார். எஞ்சினியர் கைக்குட்டையால் கண்ணாடி மூடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "சீச்சீ. பாத்திரத்துக்கு ஒண்டும் நடக்காது."

"சேர், பாத்திரத்தை ஆர் கேட்டது? தோலைக் கேக்கிறம்."

"இஞ்சாரும், நீர் பயப்பிடாதையும். நான் செய்த பாத்திரம். ஒரு இரவில்லை, ஒரு மாசம் நிண்டாலும் ஒண்டும் நடக்காது."

"ஐயாவே சொல்லிப்போட்டார். பிறகென்ன?" என்று தலைவருக்கு நிம்மதி வந்துவிட்டது.

நான் பம்மின் வயரைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்று நின்றேன். வாயில் வந்தபடி பேசினேன். விசரா என்றும் சொன்னேன், இன்றைக்கும் அதற்காக வருத்தப்படவில்லை. தலைவர் என் தோளில் கை வைத்து, "தங்கச்சி, நல்ல நாளிலை அழக்கூடாது. படிச்ச மனிசனுக்குத் தெரியாததே உமக்குத் தெரியும்?" என்று வெளியில் கூட்டிக்கொண்டு போனார். எனக்குப் பின்னால் பம் நின்ற சத்தம் கேட்டது. இரும்பு மூடியைக் கழற்றுகிற சத்தமும் கேட்டது.

அந்த ஆள் பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் பொறுக்கவில்லை. பொய்யனென்றால் ஒரு நாளைக்குப் பிடிபடுவான், வெட்கப்படுவான். இவர் மனச்சாட்சிப்படி உண்மையைத்தான் சொன்னார். அவரைப் பொறுத்தவரைக்கும் அதற்குள் யாரும் இருக்கவில்லை.

பூசை பெரிய எடுப்பாய் நடந்தது. தோல்சட்டிக்கு மாலை போட்டார்கள். கண்ணாடி மூடியில் ஒரு சந்தனப் பொட்டு, அதன்மேல் குங்குமம். வெளிநாட்டு ஆட்கள் குனிந்து பார்த்து ஆகா என்றார்கள். எஞ்சினியர் ஒரு கையைப் பாத்திரத்தின் மேல் வைத்துக்கொண்டு படத்துக்கு நின்றார். பிறகு மண்டபத்தைப் பூட்டித் திறப்புக் கோர்வையைத் தலைவர் மடியில் செருகிக்கொண்டார்.

காலையில் திறந்தபோது ரோசா நிறம் இல்லை. தண்ணீர் மஞ்சளாகக் கலங்கியிருந்தது. தோல், ஆறிப்போன பால் தேத்தண்ணியில் ஆடை மிதக்குமே, அப்படிக் கழன்று துண்டு துண்டாக மிதந்தது. தலைவர் எட்டிப் பார்த்தார். "ஐயோ, என்ன பாவத்தைச் செய்துபோட்டன்" என்று அப்படியே நிலத்தில் குந்திவிட்டார். அந்த மனிசன் பிறகு எந்த வருடமும் எந்த ஆயுதத்தையும் நிறுத்திவைக்கவில்லை என்று கேள்வி. எஞ்சினியர் மூடியின் ஓரத்தை விரலால் சுற்றித் தடவினார். விரலைப் பார்த்தார். "பாத்தீரோ," என்று என்னிடம் சொன்னார், "ஒரு சொட்டுக்கூடக் கசியேல்லை."

மலருக்கு நான்தான் சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை. தலைவர் கேட்டது, எஞ்சினியர் சொன்ன பதில், எல்லாவற்றையும் சொன்னேன். வாய் வழிவதைத் துணியால் துடைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பாத்திரத்துக்கு ஒண்டும் நடக்காது எண்டவரோ?"

"ஓம்."

துணியை மற்றப் பக்கம் திருப்பி மடித்தாள். பிறகு, "அக்கா, சாகேக்கை அதுக்கு நொந்திருக்குமோ?" என்றாள்.

நோகாது என்றேன். தோல் அவளுடையது, எனக்கென்ன தெரியும்.

டொக்டர் வந்தார், பார்த்தார், ஒரு தேத்தண்ணி குடித்தார். மற்றக் காதுக்குப் பின்னால் இன்னொரு துண்டு எடுத்து உடனே தொடங்கினால் அடுத்த முறை செய்யலாம், தழும்பு முற்ற முதல் செய்யவேண்டும் என்றார். நான் எஞ்சினியரிடம் ஓடினேன். அவர் பாத்திரத்தைக் கழற்றிப் பஞ்சுறைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். வெளிநாட்டில் ஒரு கண்காட்சிக்கு அனுப்பவேண்டுமாம். படம் பார்த்துவிட்டுக் கேட்டிருக்கிறார்களாம்.

"சேர், அந்தப் பிள்ளை?"

"எந்தப் பிள்ளை?" என்றார். நடிப்பில்லை. உண்மையாகவே கேட்டார்.

பாத்திரம் அனுப்பப்பட முதலே சண்டை திரும்பத் தொடங்கிவிட்டது. குடாவுக்கு அந்தப் பக்கம், கட்டைபறிச்சான் பக்கத்துச் சனமெல்லாம் கைக்குழந்தையும் பையுமாக ஓடியது. கண்டி டொக்டர் வரவில்லை. நிலையத்தைப் பூட்டினார்கள். ஏற்றுவதற்கு வாகனம் இல்லாமல் நோயாளிகள் ரோட்டில் நின்ற நாளில், தோல்சட்டி மரப்பெட்டிக்குள் பத்திரமாக இருந்து, கடைசி வாகனத்தில் ஒரு ஆள் இருக்கிற இடத்தைப் பிடித்துக்கொண்டு, கொழும்புக்குப் போயிற்று. பின்னால் அவரும் போய்விட்டார். மலரைப் பிறகு தாய் எப்படியோ கொழும்புக்குக் கொண்டுபோய்த் தழும்பை வெட்டுவித்தார். ஆனால் அது முற்றிப்போயிருந்தது. உதடு சரிவந்தது, கழுத்து திரும்பவும் இழுத்துக்கொண்டது.

அந்த ஆளைக் கடைசியாக நான் கண்டது ஒரு கலியாண வீட்டில். எங்கள் பக்கம் ஓய்ந்து, வன்னியில் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். மலர் அப்போது ஊரில் பெயர்பெற்ற தையற்காரி. குனிந்த தலை தையலுக்குத் தோதுதானே என்று அவளே பகிடி விடுவாள். மணப்பெண்ணின் சட்டை அவள் தைத்தது. 'மலரக்காதான் வாசலிலை நிக்கவேணும்' என்று பெட்டை அடம்பிடித்துவிட்டாள். கழுத்தை மூடித் தானே தைத்த சட்டையும் பட்டுச் சேலையுமாக, பன்னீர்ச் செம்போடு மலர் நின்றாள். சந்தனக் கும்பாவோடு நான் பக்கத்தில் நின்றேன்.

ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். மலர் சட்டென்று என் முழங்கையில் இடித்தாள். "அக்கா, வலது கால்."

நிமிர்ந்து பார்த்தேன். அதே ஆள்தான். கொஞ்சம் தொப்பை, புதுக் கண்ணாடி, வெளிநாட்டுக் கோட்டு. கீழே வலது பாதம் வெளியே திரும்பி நின்றது, பெருவிரல் ஆடிக்கொண்டிருந்தது. என்னை அடையாளம் தெரியவில்லை. அதில் எனக்கு வியப்பில்லை. சந்தனத்தைத் தொடாமல் பன்னீர்ச் செம்பைத்தான் பார்த்தார். "பழைய வேலைப்பாடு. கழுத்தெல்லாம் ஒரே வார்ப்பு" என்றார். பிறகுதான் அதைப் பிடித்திருந்தவள்மேல் கண் போயிற்று. குனிந்த தலை, சேலை, பூ. பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார்:

"பாருங்கோ, இந்தக் காலத்திலை இப்பிடித் தலை நிமிராமல் நிக்கிற பிள்ளையளைக் காண ஏலுமே? நல்ல அடக்கம்."

சந்தனக் கும்பாவை அந்த மூஞ்சியில் கவிழ்த்திருப்பேன். மலர் என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் காலைப் பார்த்தபடியே, மெதுவாக, நல்ல மரியாதையாகக் கேட்டாள்:

"எஞ்சினியர் ஐயா, உங்கடை பாத்திரத்துக்கு ஒண்டும் நடக்கேல்லையே?"

ஆள் மலர்ந்துபோனார். யார் நீர் என்று கேட்கவில்லை. உமக்கெப்படித் தெரியும் என்றும் கேட்கவில்லை. "இல்லைப் பிள்ளை, இல்லை! அப்பிடியே கிடக்கு, ஒரு கீறல்கூட இல்லை" என்றார்.

"நல்லது ஐயா" என்று சொல்லி, மலர் அவர் மேல் பன்னீர் தெளித்தாள். பிறகு அடுத்து வந்த கால்களுக்குத் தெளித்தாள்.